சுத்தமான சாக்கடை

அத்தியாயம் 7

"வெறும் சுண்ணாம்பு மட்டும் கொடுங்கள்" என்று ஜலஜா கேட்டதும், லேக் மார்க்கெட் வாசலில் இருந்த பான் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலை வேண்டாம், பாக்கு வேண்டாம், காலை எட்டரை மணிக்குச் சுண்ணாம்பு மட்டும் கேட்கும் பெண்மணி அவருக்குப் புதிது.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கறா. கொஞ்சம் தாராளமாவே குடுங்கோ" என்று பக்கத்தில் நின்ற பட்டாபி வங்காள மொழியில் எடுத்துக் கொடுத்தான்.

ஜலஜாவுக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் கிதர்பூர் துறைமுகத்தில் நனைந்த மூட்டை, உடைந்த பெட்டி, பொய்யான நஷ்டஈடு என்று துருவிப் பார்த்தவள். அதை விட்டுவிட்டு ஐந்து வருடமாகச் சொந்தமாகத் துப்பறிகிறாள். ஆபீஸ் இதே மார்க்கெட்டுக்கு எதிரே, பூக்கடைக்கு மேலே. பட்டாபி அவளுடைய ஒரே சிப்பந்தி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன், முப்பத்தெட்டு வயது. அவனிடம் வேலை ஓயும், வாய் ஓயாது. ஜலஜாவை வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல 'தீதி' என்றுதான் கூப்பிடுவான்.

அவள் கைப்பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. ஒரு சிட்டிகை எடுத்து கடைக்காரர் ஈரச் சுண்ணாம்பை வைத்துக் கொடுத்த வெற்றிலைத் துண்டில் போட்டு, கட்டை விரலால் நன்றாகத் தேய்த்தாள். தேய்த்த கையோடு அதைப் பட்டாபியின் மூக்கருகே கொண்டுபோனாள்.

பட்டாபி இரண்டடி பின்னால் குதித்தான். "ஐயோ தீதி! மூத்திரச் சந்து!"

"அமோனியா" என்றாள் ஜலஜா. "உர மூட்டையைச் சோதிக்கத் துறைமுகத்தில இப்படித்தான் பண்ணுவோம். அமோனியா உப்பா இருந்தா சுண்ணாம்பு பட்டதும் மூக்கைப் பிடுங்கும். சோடியம் நைட்ரேட்டா இருந்தா ஒரு வாசனையும் வராது."

"இதை எடுத்த டப்பா மேல என்ன எழுதியிருந்தது?"

"சோடியம் நைட்ரேட்."

பட்டாபி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்போ டப்பா பொய் சொல்றது."

டப்பா மட்டுமா என்று ஜலஜா நினைத்தாள். நேற்று இரவிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை.

பத்து நாளைக்கு முன்னால் செந்தில்நாதன் என்பவர் அவளைத் தேடி வந்திருந்தார். நியூ டவுனில் 'நீராலிகா' என்ற சிறிய கம்பெனி வைத்திருப்பவர். பட்ஜ் பட்ஜ் பக்கத்தில் எண்ணெய் ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவை முன்னூறு லிட்டர் டேங்கில் வளர்த்து, அது சுரக்கும் சோப்பு மாதிரியான திரவத்தை எடுப்பதுதான் அங்கே வேலை. கப்பல்களின் எண்ணெய்த் தொட்டிகளில் அடியில் படிந்த கசடை அந்தத் திரவம் கரைத்துவிடும். பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததும், அதற்கு என்ன ஆகாரம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் சஹானா என்ற ஆராய்ச்சி மாணவி. இருபத்தேழு வயது. காப்புரிமை விண்ணப்பத்தில் செந்தில்நாதன் பெயரோடு அவள் பெயரும் இருந்தது.

ஒன்றரை மாதமாக டேங்கில் நுரையே வரவில்லை. ஒன்று, அந்தப் பெண் நோட்டில் எழுதியதெல்லாம் பொய். இல்லாவிட்டால் வேண்டுமென்றே டேங்கைக் கெடுத்திருக்கிறாள் என்றார் செந்தில்நாதன். அவளை ஒரு மாதத்துக்கு முன்பே வர வேண்டாம் என்று நிறுத்தியும் விட்டிருந்தார்.

ஜலஜா அன்று மாலையே டாக்குரியாவில் சஹானாவின் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் அழவில்லை, வாதாடவும் இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "டேங்கைக் கெடுத்தேன்னா அது போலீஸ் விவகாரம். நோட்டில தப்பு இருக்குன்னா ஒரு கடிதத்தோட முடிஞ்சிடும். ரெண்டில ஒண்ணு சொல்லும்மா" என்று ஜலஜா கேட்டாள். சஹானா கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக ஜலஜாவும் போட்டாள். தன் முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல, விண்ணப்பத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம், தன்னிடம் இருக்கும் பாக்டீரியா ட்யூப்களை ஒப்படைக்கிறேன் என்று கடிதம் சொன்னது. அந்த ட்யூப்கள் இருந்த தெர்மகோல் பெட்டியை ஜலஜாவே மடியில் வைத்துக்கொண்டு நியூ டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு பெண்ணைப் போலீஸிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

நேற்று, கடைசி அறிக்கை எழுதுவதற்காக டேங்கைப் பார்க்கப் போனாள். அங்கேதான் உறுத்தியது.

"என்ன உறுத்தல்?" என்றான் பட்டாபி. "அதைச் சொல்லாம நேத்திலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கேள்."

"டேங்கில நுரைதான் இல்லை. ஆனா உள்ளே குழம்பு மாதிரி கெட்டியா இருந்தது. டேங்கைப் பார்த்துக்கற சுந்தரம், 'என்னமா வளருது பாருங்கம்மா, ஆனா சோப்பு மட்டும் சுரக்க மாட்டேங்குது'ன்னார்."

"வளர்ந்தா நல்லதுதானே?"

"அதுதான் இல்லை." ஜலஜா பையிலிருந்து சஹானாவின் நோட்டுப் பக்கத்தின் நகலை எடுத்துப் படித்தாள். "'எண்ணெய் தாராளம். நைட்ரேட் அளந்து. மூன்றாம் நாள் வளர்ச்சி நிற்க வேண்டும். நின்றால்தான் நுரை.' புரியறதா? எண்ணெயை மட்டும் வெச்சு பாக்டீரியாவால உடம்பை வளர்த்துக்க முடியாது. நைட்ரஜனும் வேணும். நைட்ரஜன் இருக்கறவரைக்கும் தின்னும், பெருகும். அது தீர்ந்து எண்ணெய் மட்டும் மிச்சம் இருந்தா, பெருக வழியில்லாம சோப்பைச் சுரந்து கொட்டும். அதுலயும் நைட்ரேட்டா கொடுத்தாத்தான் சரிப்படும்னு ரெண்டு வருஷம் பார்த்து எழுதியிருக்கா. அமோனியாவா கொடுத்தா அதுக்கு அல்வா. தின்னு கொழுக்கும், சோப்புப் பக்கமே திரும்பாது."

"எங்க பெரியப்பா பிள்ளை கதை. வீட்டில சாப்பாடு கிடைச்சவரைக்கும் வேலை தேடலை."

"அளந்து போட்ட சாப்பாட்டில இது எப்படிக் கொழுத்ததுன்னு யோசிச்சேன். அதான் சுந்தரத்துகிட்டச் சொல்லி டப்பாவிலேர்ந்து ஒரு பொட்டலம் கட்டி வாங்கினேன்."

"டப்பாவை மாத்தினது யாரு?"

"அந்த டப்பாவைத் திறந்து ஒன்றரை மாசம் ஆறது. சஹானா அப்போ வேலையில இருந்தா."

பட்டாபி விரலைச் சொடுக்கினான். "அப்போ அவளேதான்! பேரும் புகழும் பங்கு போடப் பிடிக்கலை. இங்கே டேங்கைக் கவுத்துட்டு வேற எங்கயோ தனியா வளர்க்கறா."

"வளர்த்தா அதுக்கு எண்ணெய் வேணுமே. வடை சுட்ட எண்ணெய்தான் வேணும்னு நோட்டில எழுதியிருக்கா. அது எங்கேர்ந்து போறதுன்னு உனக்குத் தெரியாதா?"

பட்டாபி திரும்பி மார்க்கெட்டுக்குள் பார்த்தான். காமு மாமியின் டிபன் கடையிலிருந்து வடை வாசனை அங்கேயே வந்துகொண்டிருந்தது.

காமு மாமிக்கு அறுபது வயது. கடையில் உட்கார இடம் கிடையாது. மந்தார இலைத் தொன்னையில் வாங்கி நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். வங்காளிகள் அவளை 'மாமி தீதி' என்பார்கள். ஜலஜாவைப் பார்த்ததும் கேட்காமலேயே இரண்டு மெதுவடையை நீட்டினாள்.

"மாமி, சுட்ட எண்ணெயை யாருக்குக் குடுக்கறேள்?"

"நியூ டவுன் கம்பெனிக்குத்தான். செவ்வாக்கிழமை ரெண்டு டின். சுந்தரம்னு ஒருத்தர் வந்து எடுத்துண்டு போவார்."

"அவ்வளவுதானா?"

"வெள்ளிக்கிழமை இன்னும் ரெண்டு டின். அது வேற இடம். டாக்குரியா."

பட்டாபி வடையைக் கடிப்பதை நிறுத்தினான்.

"எப்பலேர்ந்து மாமி?" என்றாள் ஜலஜா.

"புரட்டாசி பொறந்த வாரம். அதே கம்பெனிதான்னு சொல்லி ஒரு பொம்மனாட்டி போன் பண்ணினா. தமிழ்தான் பேசினா. சைக்கிள் வேன்காரன் ஒருத்தன் வருவான், அவன்கிட்டக் குடுத்தாப் போறும்னா. ஏண்டிம்மா, ஏதாவது ஏடாகூடமா?"

"ஒண்ணுமில்லை மாமி. வேன் எத்தனை மணிக்கு வரும்?"

"இன்னிக்கு வெள்ளிதானே? பத்து மணிக்கு வந்துடுவான்."

கடையை விட்டு வெளியே வந்ததும் பட்டாபி கையைத் தட்டிக்கொண்டான். "தமிழ் பேசற பொண்ணு, டாக்குரியா, ஒன்றரை மாசம். கேஸ் முடிஞ்சுது தீதி."

ஜலஜாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சஹானாதான் திருடி என்றால், அவளிடம் கையெழுத்து வாங்கியது தப்பில்லை. தெர்மகோல் பெட்டியைச் சுமந்துபோனதும் தப்பில்லை. ஒரு பெண் குற்றவாளியாக இருந்துவிட வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

சைக்கிள் வேன் பத்தே காலுக்கு வந்தது. இரண்டு தகர டின்களையும் பலகையில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு அந்த மனிதர் நிதானமாக மிதித்தார். பின்னால், போன் ஆப்பில் கூப்பிட்ட டாக்சியில் ஜலஜாவும் பட்டாபியும். முன்னால் போகிற சைக்கிள் வேனைத் தாண்டக் கூடாது என்றதும் டிரைவர் கண்ணாடியில் இவர்களை முறைத்தார். ஏரிக்கரை ஓரமாக வண்டி ஊர்ந்ததில், பத்து நிமிடத்துக்குள் ஜலஜாவின் போனில் இரண்டு தடவை செய்தி வந்துவிட்டது: உங்கள் பயணத்தில் ஏதேனும் பிரச்சினையா?

"ஆமான்னு போடுங்கோ" என்றான் பட்டாபி. "முன்னாடி போற வண்டியில நேத்திக்குச் சுட்ட போண்டாவோட ஆவி இருக்குன்னு போடுங்கோ."

கோல் பார்க்கைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்குள் வேன் திரும்பியது. பூஜைப் பந்தலைப் பிரித்த மூங்கில்கள் சந்து முனையில் குவிந்து கிடந்ததால் கார் உள்ளே போகாது. இருவரும் இறங்கி நடந்தார்கள். சந்தின் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. வீட்டுச் சமையலறைகளின் பிசுக்கு காலகாலமாகப் படிந்து, விளிம்பெல்லாம் கருப்பு மெழுகு தடவினாற்போல் இருந்தது.

சஹானாவின் வீடு இடது பக்கம் மூன்றாவது. வேன் அங்கே நிற்கும் என்று ஜலஜா காத்திருந்தாள்.

வேன் நிற்கவில்லை. அந்த வீட்டைத் தாண்டி, அடுத்த சந்தில் திரும்பி, சிமெண்ட் சுவரும் இரும்புக் கதவுமாக இருந்த ஒரு கார் ஷெட்டின் முன் நின்றது. வேன்காரர் டின்களை இறக்கி வாசலில் வைத்துவிட்டு மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

பட்டாபிதான் முதலில் கீழே பார்த்தான். "தீதி, இந்தச் சாக்கடைக்கு மட்டும் யாரு பல் தேய்ச்சுவிட்டா?"

ஷெட்டின் வாசலில் ஆரம்பித்து இருபதடி தூரத்துக்குச் சாக்கடை பளிச்சென்று இருந்தது. பிசுக்கில்லை, கருப்பில்லை. செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. சூளைக்காரர் கல்லில் குத்திய எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. சுவரின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை, பால் பொங்குவதுபோல, கொத்துக் கொத்தாக வெளியே வந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.

நியூ டவுனில் ஒன்றரை மாதமாக ஒரு கரண்டிகூட வராத நுரை.

ஜலஜா போனை எடுத்துக் குழாயையும் நுரையையும் செங்கல்லையும் வீடியோ படம் பிடித்தாள். படம் பிடித்து முடிப்பதற்குள் இரும்புக் கதவு திறந்தது. கையுறை போட்ட ஒரு பெண் டின்களை எடுப்பதற்காகக் குனிந்தாள்.

சஹானா இல்லை. நாற்பது வயதுக்குக் குறையாத பெண். நிமிர்ந்தவள் ஜலஜாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அடுத்த நொடியே முகம் மலர்ந்தது.

"நீங்களா! வாங்க வாங்க. அவர் சொல்லவே இல்லையே, நீங்க வரப்போறதா?"

ஜலஜாவுக்கு அடையாளம் தெரிந்தது. பத்து நாளைக்கு முன்னால், பெட்டியை ஒப்படைக்கப் போனபோது, நியூ டவுன் அடுக்குமாடி வீட்டில் தனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவள். செந்தில்நாதனின் மனைவி சாவித்ரி.

பட்டாபி வாயைத் திறந்தான். ஜலஜா அவன் காலை மிதித்தாள்.

"இந்தப் பக்கம் வேலையா வந்தேன். அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு" என்றாள். "நல்லா வருது போலிருக்கே?"

"கேக்காதீங்க, அடக்கவே முடியலை. நேத்து மூடியைத் தள்ளிட்டு வந்துடுச்சு." சாவித்ரி பெருமையோடு கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். உள்ளே ஒரு எவர்சில்வர் டேங்க் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு நீல டப்பாக்கள். இரண்டின் மேலும் சோடியம் நைட்ரேட். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் சஹானாவின் கையெழுத்து. ஜலஜாவின் பையில் இருந்த அதே பக்கத்தின் இன்னொரு நகல். "எல்லாம் அந்தப் பொண்ணு எழுதி வெச்சபடிதான் போடறேன். ஒரு கிராம் மாத்தலை. கெட்டிக்காரிதான், இல்லைன்னு சொல்ல முடியாது."

"அப்ப நியூ டவுன்ல மட்டும் ஏன் வரலை?"

சாவித்ரி சிரித்தாள். "அங்கே வந்தா எப்படி? ரெண்டு பேர் பேர்ல விண்ணப்பம் இருக்கே. அவ நோட்டுப்படி செஞ்சா வரலைன்னு காட்டினாத்தானே அவ பேரை எடுக்க முடியும்? டப்பாவை அவரே மாத்திட்டார். சுந்தரத்துக்குக்கூடத் தெரியாது." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். அவர் என்ன திட்டம் போட்டாலும் அவ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டா. நீங்க போய்ப் பேசின ஒரே நாள்ல வாங்கிட்டீங்க. உங்களுக்கு நாங்க எவ்வளவோ கடமைப்பட்டிருக்கோம்."

ஜலஜாவின் இத்தனை வருடத் தொழிலில் அவளை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அதில் எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

"வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

சந்து முனைக்கு வருவதற்குள் போன் அடித்தது. செந்தில்நாதன்.

"மேடம், ஷெட்டுக்குப் போனீங்களாமே. சாவித்ரி சொன்னா." குரலில் கோபம் இல்லை, நிதானமாகத்தான் இருந்தது. "உங்க வேலை அந்தப் பொண்ணை விசாரிக்கறது. அது முடிஞ்சுபோச்சு."

"டப்பாவை மாத்தினது நீங்க."

"என் டேங்க், என் டப்பா. என் டேங்கில நான் உப்பும் போடுவேன், சர்க்கரையும் போடுவேன். எந்தச் சட்டம் தடுக்குது? நான் யார் கையையும் பிடிச்சு எழுத வைக்கலை. அந்தக் கடிதத்தில சாட்சிக் கையெழுத்து யாரோடது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அறிக்கையைச் சுருக்கமா எழுதி அனுப்பிடுங்க."

ஜலஜா போனை வைத்தாள். பட்டாபி, "தீதி, பேசாம வடை சாப்பிட்டோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருந்திருக்கலாம்" என்றான். அது ஹாஸ்யமாகச் சொன்னதில்லை.

மூன்றாவது வீட்டின் மணியை ஜலஜா அடித்தாள்.

கதவைத் திறந்த சஹானா பத்து நாளில் மெலிந்திருந்தாள். அப்பா பேங்குக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். கூடத்து மேஜையில் ஒரு டியூஷன் சென்டரின் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னும் எதிலயாவது கையெழுத்துப் போடணுமா, மாஷி?" என்று, வங்காளிகள் சித்தியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக் கேட்டாள்.

ஜலஜா போனில் வீடியோவை ஓடவிட்டு அவள் கையில் கொடுத்தாள்.

சஹானா நின்றபடியே பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். மூன்றாவது தடவை இரண்டு விரலால் நுரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது எத்தனாவது நாள்?"

யார், எங்கே, எப்படி என்று எதையும் அவள் கேட்கவில்லை.

"தெரியலைம்மா."

"நாலாவது நாளா இருக்கும். குமிழி பொடிசு பொடிசா இருக்கு பாருங்க. ரெண்டாம் நாள்னா பெரிசா இருக்கும், தொட்டாலே உடைஞ்சுடும்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன போட்டிருக்காங்க?"

"நீ எழுதினதுதான். ஒரு கிராம் மாத்தலை. இது உன் வீட்டுக்கு அடுத்த சந்தில ஓடறது." ஜலஜா எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, சுண்ணாம்பு, எண்ணெய் டின், சாவித்ரி, போன். எதையும் மெருகிடாமல், நடந்த வரிசையில் சொன்னாள். தனக்குச் சாவித்ரி நன்றி சொன்னதையும் விடவில்லை.

சஹானா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியது. "ரெண்டு வாரம், மாஷி. நைட்ரேட்டைத் தினம் மூணு தடவை எடை போட்டேன். இரும்பு ஜாஸ்தியானாலும் நுரை குறையும், குழாய்த் தண்ணியில இரும்பு இருக்குமோன்னு தண்ணியை மாத்தினேன். எண்ணெயை மாத்தினேன். நான் ரெண்டு வருஷம் பார்த்ததே கனவோன்னுகூட நினைச்சேன். டப்பாவைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லை. மேலே எழுதியிருந்ததே."

"எனக்குத் தோணியிருக்கணும். அதுதான் என் தொழில்."

"ஆமாம்" என்றாள் சஹானா. "நீங்க வந்த அன்னிக்கு அந்தப் பொடியை ஒரு தடவை மோந்து பார்த்திருக்கலாம். நேரா என் வீட்டுக்கு வந்தீங்க."

பட்டாபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸ்டேஷனில் ஒரு லோக்கல் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன பண்ண முடியும்? கடிதம் இருக்கு. கையெழுத்து என்னோடது. காலேஜில என் ஆராய்ச்சியை நிறுத்தி வெச்சுட்டாங்க. ட்யூப்கூட ஒண்ணு என்கிட்ட இல்லை. நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க."

"கடிதம் எப்படி வந்ததுன்னு இன்னொரு கடிதம் எழுதலாம். காலேஜுக்கு ஒண்ணு, காப்புரிமை ஆபீஸுக்கு ஒண்ணு. படம் இருக்கு, பொடி இருக்கு. சுந்தரம் உண்மையைச் சொல்லுவார்."

"ஜெயிப்போமா?"

ஜலஜா பொய் சொல்ல நினைத்தாள். "தெரியாது" என்றாள். "அவர் வக்கீல் வெச்சுப்பார். வருஷக்கணக்கா இழுக்கும். உன் நுரையை வெச்சு அவர் அதுக்குள்ள வியாபாரத்தை ஆரம்பிச்சுடுவார். நாம ஜெயிக்காமலும் போகலாம்."

சஹானா விடைத்தாள்களை ஒரு பக்கமாக நகர்த்தினாள். உள்ளே போய் வெள்ளைக் காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கருப்புப் பேனாவை ஜலஜாவின் பக்கம் தள்ளினாள். பட்டாபி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஜலஜா எழுத ஆரம்பித்தாள். தேதி, இடம், டப்பாவின் மேலிருந்த எழுத்து, உள்ளே இருந்த பொருள். ஷெட்டின் விலாசம். செந்தில்நாதன் பெயர், சாவித்ரி பெயர். துறைமுகத்தில் எழுதிப் பழகிய கை. ஒரு வார்த்தை அதிகம் விழாது. சஹானா தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்தாள். அமோனியம் சல்ஃபேட் என்று எழுதிய இடத்தில் மட்டும், "லேப்ல சோதிக்கறவரைக்கும் 'அமோனியா உப்பு'ன்னே போடுங்க. தெரியாததை எழுதக் கூடாது" என்று திருத்தினாள்.

கையெழுத்து வாங்கப்பட்ட விதம் என்ற பத்திக்கு வந்தபோது பேனா நின்றது. ஜலஜா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுதினாள்: 'செல்வி சஹானாவை மேற்படி கடிதத்தில் கையெழுத்திடும்படி வற்புறுத்தியவர் - ஜலஜா வெங்கடநாராயணன்.'

"வற்புறுத்தலை" என்றாள் சஹானா, பின்னாலிருந்து. "போலீஸ்னு சொல்லிப் பயமுறுத்தினீங்க."

ஜலஜா திரும்பிப் பார்க்கவில்லை. 'வற்புறுத்தியவர்' என்ற வார்த்தையை நேர்கோடாக அடித்துவிட்டு, அதன் மேல், யாரும் படிக்கும்படித் தெளிவாக எழுதினாள்: பயமுறுத்தியவர்.